கை எண்ணுகிறவள்

பரெய்ருவிலிருந்து தலைநகருக்குப் படகில் இருபது நிமிடம்.
எங்கள் கட்சி ஏறி நாற்பத்தேழு வருடம்,
அக்கரையில் இன்னும் எங்களுக்கு இறங்குபலகை போடவில்லை.

இருநூற்று முப்பது நாற்காலிகளில் ஆறு எங்களுடையவை.
ஆற்றில் கரைத்த புளி என்பார் அர்லிந்து.
அமிலத் தொட்டியின் மேல் முப்பது வருடம் நின்றவர்,
அவர் நாக்குக்கு எதுவும் புளிப்பதில்லை.

இந்த முறை அவர்களுக்குக் குறைவது சரியாக ஆறு.
திடீரென்று எல்லா அமைச்சர்களுக்கும்
எங்கள் அலுவலகத் தொலைபேசி எண் தெரிந்திருக்கிறது.

தக்கைத் தொழிலாளர் விளையாட்டு மன்றத்தின் மாடியில் கூட்டம்.
கீழே பிள்ளைகள் மேசைப்பந்து ஆடுகிறார்கள்.
டொக், டொக்.
செயலாளர் தாளைப் பிரிக்கிறார்:
அமைச்சரவையில் சேரவில்லை தோழர்களே,
பட்ஜெட்டுக்கு மட்டும் ஆதரவு.

உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல்
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை.
அதற்குக் கூலி,
குறைந்தபட்சச் சம்பளத்தில் முப்பது யூரோ கூடுதல்,
படகுக் கட்டணத்தில் பாதி.
தர மறுத்தது ஒன்றே ஒன்று:
ஒப்பந்தக்காரன் தன் ஆளை
ஒரு குறுஞ்செய்தியில் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிற அந்தச் சட்டப்பிரிவு.
அது அப்படியே இருக்கும்.

சுல்மீரா எழுந்தாள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடம்.
தனக்கு வந்ததைக் கைபேசியிலிருந்தே படித்தாள்,
'அன்புள்ள ஒத்துழைப்பாளரே' என்று தொடங்கியது.
நடுவில் ஒரு எழுத்துப்பிழை.
அதைப் பிழையாகவே படித்தாள்.
டொக், டொக்.

பின்வரிசையிலிருந்து வலென்தீம்,
கிடங்கில் பெட்டி அடுக்குகிற பையன்,
தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
மன்னியுங்கள் சுல்மீரா,
முப்பது யூரோ என் வீட்டில் ஒரு கேஸ் சிலிண்டர்.

போன தடவையும் கதவைப் பிடித்தோம்,
விரல் நசுங்கியது,
பதினேழு ஆறானது என்றார் அர்லிந்து.
பிடிக்காத வருடங்களிலும் தேய்ந்துகொண்டுதானே வந்தோம்
என்றது யாருடைய குரலோ.
இரண்டும் உண்மை.
குறிப்பேட்டில் இரண்டையும் எழுதினேன், ஒன்றின் கீழ் ஒன்றாக.

பேசுவது என் வேலை அல்ல.
நான் படகு கூட்டித் துடைக்கிறவள்.
வரிசை வரிசையாக இருக்கை பார்த்துப் பழகியவள்
கை எண்ணட்டும் என்று
எப்போதோ ஒரு கூட்டத்தில் முடிவானது.

பென்சிலோடு வரிசைகளுக்குள் போனேன்.
பெயின்ட் படிந்த கை.
இரண்டு விரல் இல்லாத கை (முழுசாக ஒன்று).
காதுவரை மட்டும் எழும்பிய ஒரு கையை,
தோழர், இது வாக்கா, சொறியவா என்று
கேட்க வேண்டியதாயிற்று. சிரித்தார்கள்.
ஆதரவு வரிசையில் சுல்மீராவின் கை.
நேராக, முழங்கை மடங்காமல்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
அர்லிந்து இரண்டு முறையும்
கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்.

ஆதரவு அறுபத்தொன்று.
எதிர்ப்பு ஐம்பத்தெட்டு.

படியிறங்கும்போதுதான் உறைத்தது,
என் கை பென்சிலைப் பிடித்திருந்தது.
எந்த வரிசையிலும் நான் இல்லை.
மூன்று வித்தியாசம், உன்னால் ஒன்றும் மாறியிருக்காது என்றார் அர்லிந்து.
எந்தப் பக்கம் தூக்கியிருப்பாய் என்று கேட்கவில்லை.
கேட்காததற்காக அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

படகுத்துறைத் தொலைக்காட்சியில் நாடாளுமன்றம்.
எங்கள் ஆறு பேரும் எழுந்து நின்றார்கள்.
கேமரா நான்கு நொடி தந்தது,
அதில் ஒன்றில் யாருடைய தோளோ மறைத்தது.
பிறகு கால்பந்து.

ஜனவரியில், ஐந்தரை மணிப் படகு.
டிக்கெட் ஜன்னலில் பழைய கட்டணத்தின் மேல்
புதுத்தாள் ஒட்டியிருக்கிறார்கள்.
பசை காயவில்லை,
மூலை தூக்கி உள்ளிருக்கும் எண் எட்டிப்பார்க்கிறது.
மூன்றாம் வரிசையில், பாதிக் கட்டணத்தில், சுல்மீரா,
அக்கரையில் ஏதோ ஹோட்டலில் ஆள் எடுக்கிறார்களாம்.
நான் துடைக்க வசதியாக
இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள்.
வழக்கம் விடவில்லை எனக்கு.
எண்ணினேன்:
இரண்டு.